மூன்றாம் ஊர்ப் பிரசங்கம்

ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு மூன்று ஊர். காலை ஏழு மணிக்கு நான் குடியிருந்த ஊர்க் கோயில். ஒன்பதேகாலுக்கு நாலு மைல் தள்ளி இரண்டாவது ஊர். அங்கே ஆராதனை முடிந்ததும் ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி, பிறகு சைக்கிளைத் தேரி மணலில் உருட்டிக்கொண்டு மூன்றாவது ஊர். அங்கே பதினோரு மணி என்று பெயர். மணி அடிக்கிற கோயில்குட்டியார் பாதையைப் பார்த்துக்கொண்டே நிற்பார். என் தலை தெரிந்த பிறகுதான் கயிற்றைப் பிடிப்பார்.

1984இல் உபதேசியாராகச் சேர்ந்தேன். 2018இல் ஓய்வு. சேரும்போது திருநெல்வேலித் திருமண்டலம். 2003இல் தூத்துக்குடி - நாசரேத் தனித் திருமண்டலமானபோது லெட்டர்பேடு மாறியது, சைக்கிள் மாறவில்லை. சேகர குருவானவர் மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஊருக்கும் வந்து நற்கருணை கொடுப்பார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் நடத்துவது, பிரசங்கம் பண்ணுவது, காணிக்கை எண்ணுவது, நோயாளி வீட்டுக்குப் போவது, கல்யாணத்துக்குப் பெண் பார்க்க யோசனை சொல்வது எல்லாம் உபதேசியார் தலையில். சம்பளத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மனைவிக்கு ஆரம்பப் பள்ளியில் வேலை இருந்ததால் பிழைத்தோம்.

சாத்தான்குளத்துக்கும் உடன்குடிக்கும் இடையில் உள்ள தேரி என்கிற செம்மண் காட்டைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. மழை கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். மணல் குங்குமச் சிவப்பு. ஆடிக் காற்றில் ஒரு ராத்திரியில் பாதை இடம் மாறிவிடும். நேற்றுச் சைக்கிள் போன தடத்தில் இன்று முழங்கால் உயரத்துக்கு மேடு. புதிதாகப் போன காலத்தில் வழி தவறினால் மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரத்தைத் தேடுவேன். 192 அடி. பனைக்கு மேலே அது ஒன்றுதான் தெரியும். பிரசங்கம் ஆரம்பிக்கும்போது வாய்க்குள் மணல் இருக்கும். பனங்கற்கண்டும் நல்லமிளகும் ஒரு பொட்டலத்தில் எப்போதும் சட்டைப் பையில் கிடக்கும்.

இந்தப் பாதையில் எனக்கு முன்னால் நடந்தவர்கள் அநேகர். முதலூரை 1799இல் உண்டாக்கிய தாவீது சுந்தரானந்தம் எங்களைப் போல ஓர் உபதேசியார்தான். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர், ஊர் ஊராகச் சபையை நட்டவர். 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் ஐயரைப் பற்றி ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் இருந்ததேயில்லை. சென்னையிலிருந்து நடந்தே வந்தார், நீலகிரியைச் சுற்றி வந்தார் என்பது வரைக்கும் சரித்திரம். நீலகிரியில் ஒரு புலி வந்தது என்பது நான் சேர்த்தது. முதல் தடவை அது தூரத்தில் உறுமியது. இரண்டு மூன்று வருஷத்தில் பாதையில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு சின்னப் பயல் எழுந்து, "ஐயா, போன வருசம் புலி மரத்துக்குப் பின்னாலல்லா நின்னுச்சு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு யோசித்திருக்க வேண்டும்.

தொழிலைப் பற்றிச் சொல்கிறேன். சனிக்கிழமை மாலை விளக்கு வைத்ததும் உட்காருவேன். வேதப்புத்தகம், ஒத்தவாக்கிய அகராதி, பழைய கல்யாண அழைப்பிதழ் ஒன்று. அழைப்பிதழின் பின்பக்கம் நல்ல கெட்டிக் காகிதம், வியர்வையில் நமத்துப்போகாது. அதில் மூன்று குறிப்பு எழுதுவேன். எங்கள் பக்கத்துப் பிரசங்கத்துக்கு மூன்று குறிப்பு வேண்டும், மூன்றும் ஒரே எழுத்தில் ஆரம்பித்தால் விசேஷம். கெட்ட குமாரன் உவமைக்கு, "காத்திருந்தார், கண்டார், கட்டிக்கொண்டார்" என்று எழுதிவிட்டு அந்த ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருபது வருஷம் கழித்தும் அந்த மூன்று வார்த்தையை ஒப்பிக்கிற பெண்கள் அந்த ஊர்களில் இருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பிரசங்கத்தை வீட்டுக்குக் கொண்டுபோக அது ஒரு கைப்பிடி. எதுகை மோனையை இழிவாகப் பேசுகிறவர்கள் அந்தக் கூட்டத்தின் முன்னால் நின்று பார்க்கட்டும்.

முதல் ஊரில் அந்தக் காகிதத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசுவேன். ஏழு மணி ஆராதனை, கூட்டத்துக்குத் தூக்கம் தெளிந்திருக்காது, எனக்கும்தான். பவுல் துரோவா பட்டணத்தில் நடுராத்திரி மட்டும் பிரசங்கம் பண்ணியபோது ஐத்திகு என்கிற வாலிபன் தூங்கி, மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்தான் அல்லவா, அந்தக் கதையை நான் ஒவ்வொரு வாரமும் நினைத்துக்கொள்வேன். எங்கள் கோயிலில் எல்லோரும் பாயில் உட்கார்ந்திருப்பார்கள், விழ இடமில்லை. அது ஒரு வசதி.

முதல் ஊருக்கும் இரண்டாவது ஊருக்கும் நடுவில் சைக்கிள் மிதித்துக்கொண்டே வாய்விட்டுப் பேசிக்கொண்டு போவேன். எந்த இடத்தில் ஜனங்கள் நிமிர்ந்தார்கள், எங்கே கொட்டாவி விட்டார்கள், எந்த வார்த்தைக்குக் கிழவிகள் "தோத்திரம்" என்றார்கள் என்று மனசில் ஓடும். கொட்டாவி வந்த இடத்தை வெட்டுவேன். தோத்திரம் வந்த இடத்தை நீட்டுவேன். இரண்டாவது ஊரில் காகிதம் பைக்குள் இருக்கும். மூன்றாவது ஊருக்குப் போகும்போது காகிதமே வேண்டாம். கையும் குரலும் தானாகப் போகும். அந்த ஊரில் ஒரு பெரியவர், பனையேறி ஓய்ந்தவர், கோயில் திண்ணையில் உட்கார்ந்து எனக்கு மார்க் போடுவார். "உபதேசியாரய்யா, இன்னைக்கு நல்லா விழுந்துச்சு" என்பார். அவர் அப்படிச் சொன்ன நாளில் திரும்பி வரும் மணல் கனக்காது.

மூன்றாவது ஊருக்கு ஏன் பதினோரு மணி என்றால், பனை. பங்குனியிலிருந்து ஆவணி வரைக்கும் அங்கே ஆண்கள் மரத்தில்தான் இருப்பார்கள். பாளையைத் தினமும் சீவ வேண்டும். ஒருநாள் விட்டால் ஊற்று அடைத்துக்கொள்ளும். கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டிய பயினியை வெயில் ஏறுவதற்குள் இறக்கியாக வேண்டும், தாமதித்தால் புளிக்கும். ஞாயிறு ஓய்வுநாள் என்பது வேதத்துக்குத் தெரியும், பனைக்குத் தெரியாது. நான் சேர்ந்த புதிதில் இதைக் கண்டித்து ஒரு பிரசங்கம் பண்ணினேன். திண்ணைப் பெரியவர் முடிந்ததும் நிதானமாக, "ஐயா, ஞாயித்துக்கெழமை உங்க வீட்டுப் பசுவுல பால் கறக்காம விட்டுருதியளா?" என்று கேட்டார். அடுத்த வாரமே ஆராதனை நேரத்தைப் பதினோரு மணிக்கு மாற்றினோம். தளைநார் உரசிய காலோடும் சுண்ணாம்பு பட்ட விரலோடும் குளித்து வந்து உட்காருவார்கள். பாதிப் பேர் முதல் பாட்டிலேயே கண்ணை மூடிவிடுவார்கள். விடியுமுன்னே முப்பது நாற்பது மரம் ஏறி இறங்கியவர்களை எழுப்ப எனக்கு மனசு வராது. ஆகவே மூன்றாவது ஊரில் பிரசங்கத்தைக் கேட்டது பெரும்பாலும் பெண்கள்.

பிரசங்கத்துக்கு உயிர் உதாரணக் கதையில் இருக்கிறது என்று எல்லா ஊழியக்காரருக்கும் தெரியும். வசனத்தை விளக்கும்போது தலை குனிந்திருக்கிற கூட்டம், "ஒரு ஊரில்" என்றதும் நிமிரும். அந்தக் காலத்தில் உதாரணக் கதைகளுக்கென்றே புத்தகம் உண்டு. எல்லாம் சீமைக் கதை. கலங்கரை விளக்கக் காவல்காரன், கப்பல் தலைவனின் மகள், பனிப்புயலில் சட்டையைக் கழற்றிப் பிள்ளைக்குப் போர்த்திய தாய். பனை மட்டுமே தெரிந்த தேரியில் நின்று பனியைப் பற்றிப் பேசினால் யார் நடுங்குவார்கள்? என் கதைகளை நான் பஸ்ஸில் பிடித்தேன்.

வியாழக்கிழமைகளில் சேகரக் கூட்டத்துக்கோ ஆஸ்பத்திரியில் கிடக்கிற சபையாரைப் பார்க்கவோ பஸ்ஸில் போவேன். எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களைக் கண்டக்டர் கூவுவதைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் திகைத்துப்போவார்கள். மெஞ்ஞானபுரம், கடாட்சபுரம், பிரகாசபுரம், ஆனந்தபுரம், சுவிசேஷபுரம். பாளையங்கோட்டை போய்ச் சேர்ந்தால், "சமாதானபுரமெல்லாம் எறங்கு!" என்று ஓர் அதட்டல். சமாதானத்தை அவ்வளவு கோபமாக வேறெங்கும் கேட்டதில்லை.

பஸ்ஸுக்குள் எழுந்து நின்று பிரசங்கம் பண்ணுகிற ஊழியக்காரர்கள் உண்டு. நான் செய்ததில்லை. கூச்சம் ஒரு காரணம். இறங்கிப் போக முடியாதவனிடம் பேசுவது மரியாதையில்லை என்பது இன்னொன்று. அப்போஸ்தலர் நடபடிகளில் காசாவுக்குப் போகிற பாதையில் எத்தியோப்பிய மந்திரியின் இரதத்தோடு பிலிப்பு ஓடுகிறான். முதலில் ஒரு கேள்விதான் கேட்கிறான், வாசிப்பது விளங்குகிறதா என்று. அவன் ஏறச் சொன்ன பிறகே ஏறுகிறான். எனக்கு அந்த முறை பிடிக்கும். மடியில் வேதப்புத்தகத்தை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். பக்கத்தில் உட்காருகிறவர்கள் தானாகப் பேசுவார்கள். கறுப்பு உறை போட்ட அந்தப் புத்தகத்துக்கு அப்படி ஒரு குணம். மருமகள் சண்டை, மூத்திரத்தில் சர்க்கரை, துபாய்க்குப் போன மாப்பிள்ளை, அடகில் மூழ்கிய சங்கிலி. கேட்டுக்கொண்டே வருவேன். அனுதாபம் இல்லாமல் இல்லை. ஆனாலும் மனசின் இன்னொரு மூலையில் ஒருவன் உட்கார்ந்து, இது எந்த வசனத்துக்கு ஆகும் என்று அளந்துகொண்டே இருப்பான். பிரசங்கம் பண்ணுகிறவர்களில் அந்த ஆள் இல்லாதவர் யாராவது உண்டா என்று தெரியவில்லை.

1997 ஆகஸ்டில் ஒரு வியாழன். அறுபது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி மருந்துச் சீட்டு கையில். புத்தகத்தைப் பார்த்தார், பேச ஆரம்பித்தார். மகன் பம்பாயில். வருஷா வருஷம் புதுக் கருப்பட்டி காய்ச்சியதும் ஓலைப்பெட்டியில் அடுக்கி, மேலே துணி வைத்துத் தைத்து, பார்சல் அனுப்புவார். "போன வருசம் அனுப்புனது திரும்பி வந்துட்டுய்யா. தபால்காரர் கொண்டாந்து திண்ணையில வச்சிட்டுப் போனாரு. பிரிக்க மனசு வரல. அப்படியே பரண்ல கெடக்கு. இந்த வருசம் வேற அனுப்பிருக்கேன்." அவ்வளவில் அவர் ஊர் வந்துவிட்டது. இறங்கிவிட்டார். பிலிப்புக்குக் கிடைத்த நேரம் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த ஞாயிறு கெட்ட குமாரன் உவமை. கதை தானாக வந்து பொருந்தியது. மகன் போய்விட்டான், தாய் விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறாள், அதுதான் தேவ அன்பு. முதல் ஊரில் அம்மாள் சொன்னபடியே சொன்னேன், ஒரு மாற்றத்தைத் தவிர: "மகன் அதைத் திருப்பி அனுப்பிவிட்டான்." கூட்டம் நிமிர்ந்தது. சைக்கிளில் போகும்போது கதை இன்னும் கொஞ்சம் தன்னைத் தானே சொல்லிக்கொண்டது. இரண்டாவது ஊரில் ஒரு மருமகள் வந்தாள். "இந்த நாற்றம் பிடித்த பண்டம் நம் வீட்டுக்கு ஆகாது" என்றாள். பெண்கள் பக்கத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. மூன்றாவது ஊரில் அந்தத் தாய், திரும்பி வந்த பெட்டியைக் கட்டிக்கொண்டு தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்து அழுதாள். என் குரலும் கம்மியது. மரத்திலிருந்து இறங்கி வந்து தூங்கிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் கண்ணைத் திறந்ததைப் பார்த்தேன்.

பிறகு பெண்கள் பக்கம் பார்த்தேன். தூணை ஒட்டி, முந்தானையை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, அந்த அம்மாள்.

அந்த ஊரில் அவருக்குத் தங்கை இருந்திருக்கிறாள். பேத்தி சடங்குக்கு வந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. இரண்டாவது ஊரிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள், காலையில் அங்கே கேட்ட கதையை இங்கே மறுபடி கேட்டுக்கொண்டு. பிரசங்கத்தை எப்படி முடித்தேன் என்று நினைவில்லை. கட்டிக்கொண்டார் என்கிற மூன்றாவது குறிப்புக்கு நான் வரவேயில்லை.

ஆராதனை முடிந்து வாசலில் நின்றேன். திண்ணைப் பெரியவர், "இன்னைக்கு ரொம்ப நல்லா விழுந்துச்சய்யா" என்றார். அம்மாள் கடைசியாக வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"கருப்பட்டி திரும்பி வந்துச்சுன்னுதானய்யா சொன்னேன். அவன் திருப்பி அனுப்புனான்னு சொன்னேனா?"

எனக்கு வாய் வரவில்லை.

"கம்பெனிய மூடிட்டாங்க. ரூமைக் காலி பண்ணிட்டு வேற எடத்துக்குப் போயிருக்கான். ஆள் இல்லன்னு எழுதித் திருப்பிட்டாங்க. எம் மருமவ பச்சப்புள்ள, அவளுக்கு அந்த வார்த்தையெல்லாம் பேசத் தெரியாது. விடிஞ்சு மத்தியானத்துக்குள்ள மூணு ஊர்ல எம் பிள்ளையக் கெட்டவனாக்கிட்டியளே."

அன்று திரும்பி வந்த பாதையின் தூரத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சோறு போட்டுக்கொண்டே, "காலையிலே நம்ம கோயில்ல கேக்கும்போதே நெனச்சேன். பஸ்ல அவ்வளவு நேரமா பேசுனாங்கன்னு" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை அந்த அம்மாள் ஊருக்குப் போனேன். "உக்காருங்க" என்றார். மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல் பரணிலிருந்து அந்தப் பெட்டியை எடுக்கச் சொன்னார். தையல் பிரியாமல் இருந்தது. நீல மையில் எழுதிய விலாசத்தின் மேல் இந்தியில் ஏதோ கிறுக்கி, ஒரு முத்திரை. புது விலாசம் ஒரு துண்டுக் காகிதத்தில் இருந்தது. பழசின் மேல் அதைத் திருத்தமாக எழுதச் சொன்னார். "ஒரு வருசக் கருப்பட்டி, நல்லாத்தான் இருக்கும். பழசுதான் மருந்துக்கு ஆகும்" என்றார். எழுதிக்கொடுத்தேன். தபாலாபீஸுக்கு நானே சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுபோனேன். அங்கே வாசலில் உட்கார்ந்து அழ இடமே கிடையாது. குறுகலான படி, பக்கத்தில் ஒரு சோடாக் கடை. அந்தப் படியைப் பார்த்த பிறகுதான் நான் எவ்வளவு தூரம் போயிருந்தேன் என்று முழுசாக உறைத்தது.

அடுத்த ஞாயிறு மூன்று ஊரிலும் திருத்திச் சொல்வதென்று தீர்மானித்தேன். யாருடைய கதை என்று சொல்லாமல், போன வாரம் நான் சொன்னதில் மருமகளும் கண்ணீரும் என் கற்பனை என்று மட்டும் சொல்வது. முதல் ஊரில் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. இரண்டாவது ஊரில் ஆராதனை முடிந்ததும் ஒரு அம்மாள், "நல்ல கதையா இருந்துச்சு, கெடுத்துட்டியளே ஐயா" என்று வருத்தப்பட்டார். மூன்றாவது ஊரில், என்ன சொல்ல, என் மன்னிப்புக்குள்ளும் கையும் குரலும் வந்துவிட்டன. சரியான இடத்தில் நிறுத்தினேன், சரியான இடத்தில் தலை குனிந்தேன். பெரியவர் திண்ணையிலிருந்து, "இன்னைக்கும் விழுந்துச்சு" என்றார்.

அதற்குப் பிறகு பஸ்ஸில் கேட்ட எதையும் பிரசங்கத்தில் சொன்னதில்லை. நானே விழுந்த கதை, நானே ஏமாந்த கதை என்று சொல்லப் பழகினேன். அதிலும் மூன்றாவது ஊருக்குள் நான் நல்லவனாகிவிடுவேன், கவனமாக இருக்க வேண்டும். ஊருக்கு ஊர் வேறு வசனம் எடுத்துக்கொள்வதென்றும் சில மாதம் செய்து பார்த்தேன். சனிக்கிழமை ராத்திரிக்கு மூன்று பிரசங்கம் தயாரிக்க என்னால் முடியவில்லை. கடைசியில் வழியை மாற்றினேன். ஒரு வாரம் மூன்றாவது ஊரிலிருந்து ஆரம்பிப்பது. பனை ஓய்ந்த மாதங்களில் மட்டும்தான் அது நடக்கும். தட்டுத் தடுமாறுகிற பிரசங்கம் அவர்களுக்கும் ஒரு பங்கு கிடைக்கட்டும் என்று. பெரியவருக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவேயில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஞாயிறு ஒரே ஊர், கடைசி வரிசை. இப்போது நாற்காலி போட்டுவிட்டார்கள், தூங்கினால் விழலாம். பிரசங்கம் கேட்பது எனக்கு இந்த வயசில் புதிதாகக் கற்ற வேலை. போன வருஷம் ஒரு தம்பி வந்திருந்தான், இறையியல் படித்துவிட்டுப் பயிற்சிக்கு. நல்ல குரல். கையில் செல்போன், அதைப் பார்த்துத்தான் பேசினான். கெட்ட குமாரன் உவமை. "ஒரு ஊரில் ஒரு தாய்" என்றான். நான் நிமிர்ந்தேன், கூட்டத்தோடு சேர்ந்து.

மகன் அமெரிக்காவில். தாய் ஒவ்வொரு தீபாவளிக்கும், இல்லை, கிறிஸ்மஸுக்கு, முறுக்குச் சுட்டு அனுப்புகிறாள். மருமகள், இந்த எண்ணெய்ப் பண்டம் நம் வீட்டுக்கு ஆகாது என்கிறாள். பெட்டி திரும்பி வருகிறது. தாய் அதைக் கட்டிக்கொண்டு தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்து அழுகிறாள்.

என்னைச் சுற்றிக் கைக்குட்டைகள் வெளியே வந்தன. பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

வாசலில் கைகுலுக்கும்போது, "தம்பி, அந்தப் பார்சல் கதை எங்க கெடச்சுது?" என்று கேட்டேன்.

"வாட்ஸ்அப்ல வந்துச்சுங்கய்யா" என்றான். பிறகு, நான் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்தானோ என்னவோ, "உண்மைச் சம்பவம்" என்றான்.